அனுப்பப்பட்டது

எங்கள் அலுவலகத்தில் நுழைந்தவுடன் இடது கைப் பக்கச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் நாங்கள் எழுதிய ஒரு புரோகிராம். ஒழுங்காக ஓடினால் பச்சை, எங்காவது இடறினால் சிவப்பு. ஏழாவது கட்டம் என்னுடையது.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒருவருடைய ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்னும் அளவில் ஒரு எண் வருகிறது. அந்த நிமிடமே அந்த வார்டில் பணியில் இருக்கும் நர்ஸின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஏழாவது கட்டத்தின் வேலை. செய்தியில் நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ இருக்காது. போன் யார் கையில் கிடைத்தாலும் ஒருவருடைய நோய் ஊருக்குத் தெரியக் கூடாதல்லவா? 'வார்டு நான்கு. அபாய முடிவு. உடனே கணினியில் பார்க்கவும்.' அவ்வளவுதான். யாருக்கு, என்ன என்பதை நர்ஸ் கணினியைத் திறந்து பார்த்துக்கொள்வார்.

எங்கள் குழுத் தலைவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம், முகத்துக்கு நேராகவே. எதை விளக்கினாலும் செங்கல், கலவை, சாரம் என்று ஆரம்பித்துவிடுவார். அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. முந்தின வாரம் யாருடைய கட்டம் அதிகமாகச் சிவந்ததோ அவர் மேஜையில் திங்கட்கிழமை காலை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி வந்து உட்காரும். அந்த வாரம் முழுக்க காலி டீ கப், பழத்தோல் எல்லாம் அதில்தான் விழும். விளையாட்டுதான். ஆனால் ஒன்பது வாரம் தொடர்ந்து வாளி என் மேஜையிலேயே இருந்தது. எனக்குத் தக்காளி என்று பெயர் வந்தது அப்படித்தான்.

"தக்காளி, அந்த வாளியை வீட்டுக்கே கொண்டுபோயிடேன். தண்ணி பிடிக்கவாவது ஆகும்," என்பாள் துருவி. எங்கள் புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுடையது. துருவித் துருவிக் கேட்பதால் துருவி.

என் கட்டம் சிவந்ததற்குக் காரணம் அற்பமாகத்தான் இருந்தது. செய்திகளை வாங்கிப் போன்களுக்கு அனுப்பும் வெளி நிறுவனம் ஒன்று இருக்கிறது. செய்தி மையம் என்று வைத்துக்கொள்வோம். செய்தி போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் 'சேர்ந்தது' என்ற பதிலை அவர்கள் தாமதமாக அனுப்புவார்கள். என் புரோகிராம் பொறுமை இழந்து 'முடியவில்லை' என்று தன் லாக்கில் எழுதிவிடும். லாக் என்பது புரோகிராமின் நாட்குறிப்பு. ஒவ்வொரு அடியையும் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டே போகும். அந்த நாட்குறிப்பில் 'முடியவில்லை' எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் திரை சிவக்கும். நான்கைந்தை எடுத்து விசாரித்தேன். எல்லாச் செய்தியும் சேர்ந்திருந்தது. வீண் அலறல்.

அதனால் பதினொரு மாதத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை நான்கு வரி எழுதினேன். அனுப்பிப் பார். முடியாவிட்டால் அதைப் பிடித்துக்கொள். லாக்கில் எதுவும் எழுதாதே. 'அனுப்பப்பட்டது' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போ. தாமதத்தை மட்டும் தனியாகப் பிரித்து எழுதியிருக்கலாம். அதற்கு இரண்டு நாள் ஆகும். அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வாளி வேறொருவர் மேஜைக்குப் போனது.

"தக்காளி காயாயிடுச்சு டோய்," என்றார் மேஸ்திரி, திரையைக் காட்டி.

துருவி மட்டும் என் நாற்காலிப் பக்கம் வந்தாள். "என்ன பண்ணினே?"

"சரி பண்ணிட்டேன்."

"எதை?"

"அதான் சரியாயிடுச்சே, அப்புறம் எதைன்னு வேற சொல்லணுமா?"

அவளுக்கு அன்று வேறு வேலை இருந்தது. போய்விட்டாள். அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. பச்சையாக இருக்கும் கட்டத்தை யார் போய்த் திறப்பார்கள்?

ஒரு வியாழக்கிழமை மாலை நான்கரை மணிக்கு அண்ணி வீட்டுக்கு வந்தார். ஏழு மணிக்கு வர வேண்டியவர். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் பையை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் ஜுரம் என்று அன்று வீட்டில் இருந்தேன். அண்ணன் இரவு வேலை முடித்து மாலையில் எழுந்திருந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாங்கள் மூவரும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். அண்ணி பதினான்கு வருடமாக நர்ஸ். எங்கள் மென்பொருளை வாங்கிய மருத்துவமனையில், வார்டு நான்கில்.

"வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க," என்றார்.

"யாரை?" என்றார் அண்ணன்.

"என்னைத்தான். நான் என்ன பக்கத்து வீட்டுக்காரங்களைப் பத்தியா சொல்லப்போறேன்?"

பிறகு வரிசையாகச் சொன்னார். ஒன்பதாம் படுக்கையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். சிறுநீரகக் கோளாறு. அன்று காலை 11.41க்கு அவர் ரத்தத்தில் உப்பு, பொட்டாசியம் என்கிற உப்பு, இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஏறியிருப்பதாக ஆய்வுக்கூடம் பதிந்திருக்கிறது. அண்ணிக்குச் செய்தி வரவில்லை. இரண்டரை மணிக்குக் கண்டக்டரின் இதயம் நின்றது. அழுத்தி அழுத்தி மீட்டுவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் மாட்டிப் படுத்திருக்கிறார்.

"அப்புறம் கம்ப்யூட்டரைப் பாத்தாங்க. 11.36க்கு ஒண்ணு, 11.41க்கு ஒண்ணு, ரெண்டு மெசேஜ் அனுப்பப்பட்டதுன்னு போட்டிருக்கு. ஆஸ்பத்திரி கொடுத்த என் போன்ல ஒண்ணுதான் இருக்கு. அந்த ஒண்ணு மூணாம் படுக்கைக்கு. அதை ஓடிப்போய்ப் பாத்து டாக்டரைக் கூப்பிட்டேன். ரெண்டாவது எங்கேன்னு கேக்கிறாங்க. பாத்துட்டு மறந்து, பயத்துல அழிச்சிட்டேன்னு அவரோட பொண்ணு எழுதிக் கொடுத்திருக்கு. புதன்கிழமை விசாரணை. அழிச்சது உண்மைன்னு ஆயிட்டா வேலை மட்டும் இல்ல, நர்ஸ் பதிவையே எடுத்துடுவாங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "டேய், உங்க மெஷின் போகாததைப் போச்சுன்னு சொல்லுமா? லிஃப்ட்ல ஆள் கூடினாலே மணி அடிக்குது. உங்களுதுல ஏதாவது கோளாறுன்னா அடிக்காதா?"

"அடிக்கும், அண்ணா," என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நொடியில் என் மனத்தில் இருந்தது சுவர்த்திரையும் பச்சைக் கட்டமும்தான். பதினொரு மாதமாக அதைப் பார்த்துப் பார்த்து நானே நம்பிவிட்டிருந்தேன். அண்ணி தலையை ஆட்டிக்கொண்டு எழுந்துபோய் முகம் கழுவினார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோதுதான் அந்த நான்கு வரி ஞாபகம் வந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டேன். தாமதத்துக்காக எழுதியதல்லவா அது?

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அலுவலகம் போய் அதைத் திறந்து பார்த்தேன். என் பெயரும் தேதியும் பக்கத்திலேயே இருந்தன. தாமதம் என்றால் பிடித்துக்கொள் என்று அதில் இல்லை. எது நேர்ந்தாலும் பிடித்துக்கொள் என்றிருந்தது. கம்பி அறுந்தாலும், அந்தப் பக்கம் கதவையே சாத்தினாலும் 'அனுப்பப்பட்டது'தான். வியாழக்கிழமை 11.41க்கு நேர்ந்தது என்ன என்று லாக்கைத் தேடினேன். லாக் சுத்தமாக இருந்தது. சுத்தமாக வைத்திருந்தவன் நான்.

மேஸ்திரி வந்ததும் தனி அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செய்தி மையத்துல கேட்டியா?"

"கேட்டேன். மாசத்துக்கு எத்தனை வாங்கினாங்கன்னு மொத்தக் கணக்குதான் வச்சிருக்காங்களாம். திருப்பி அனுப்பினதைக் குறிச்சு வைக்கிறதில்லையாம்."

"அப்ப நீ சொல்றது நிஜமாவும் இருக்கலாம், உன் அண்ணி அழிச்சதும் நிஜமா இருக்கலாம். உன் சுவர்ல ஓட்டை இருக்குங்கிறே. அந்த ஓட்டை வழியாத்தான் அன்னிக்குப் போச்சுன்னு எதை வச்சுச் சொல்லுவே?"

"நான்தானே எழுதினேன். நானே ஒத்துக்கிறேனே."

"நீ யாருப்பா? அந்த அம்மாவோட கொழுந்தன். குடும்பத்துல ஒருத்தரைக் காப்பாத்த இன்னொருத்தர் பழியை ஏத்துக்கிட்டு வந்து நிக்கிறார்னுதான் நினைப்பாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்ததும் துருவி என் முகத்தைப் பார்த்தாள். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அன்னிக்கு நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்," என்று மட்டும் சொன்னாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "போனது போச்சு. வியாழக்கிழமையைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஆனா அன்னிக்கு எப்படிப் போச்சோ அதே மாதிரி இன்னொரு தடவை போகும். அது போறப்ப பாக்கணும். பாக்கிறதுக்குக் கண்ணு வச்சிருக்கோமா?"

அன்று முழுக்கவும் சனிக்கிழமை மதியம் வரையிலும் கண் வைத்தோம். ஆய்வுக்கூடத்தில் முடிவு பதிவானவுடன் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்று ஒரே கோடாகத் தெரியும். செய்தி மையம் என்ன பதில் சொன்னாலும் ஒரு எழுத்து விடாமல் லாக்கில் ஏறும். போன் 'வந்தது' என்று சொன்னால்தான் வந்ததாகக் கணக்கு. நான்கு வரியையும் எடுத்துவிட்டு, தாமதத்தை மட்டும் தனியாகப் பிரித்து எழுதினேன். ஏழாவது கட்டம் உடனே சிவக்கவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு செய்தி தொலைந்தால் அந்த நிமிடமே நான் அந்த வார்டுக்குப் போன் செய்வது என்று ஏற்பாடு. பகலில் நான், மற்ற நேரத்தில் துருவியும் மேஸ்திரியும் மாறி மாறி. எட்டு வார்டுகளின் எண்களையும் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொண்டேன்.

இப்படிச் சொல்லும்போது பொறுப்பாக இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை மாலை திரை முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் மனத்தில் இருந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒன்று தொலையட்டும் என்று காத்திருந்தேன். புதன்கிழமைக்குள் யாரோ ஒருவருடைய ரத்தத்தில் உப்பு ஏற வேண்டும், அந்தச் செய்தி வழியில் விழ வேண்டும், நான் அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செய்தியும் பத்திரமாகப் போய்ச் சேரும்போது உள்ளே ஒரு சின்ன ஏமாற்றம். அதை உணர்ந்த பிறகு குடித்துக்கொண்டிருந்த டீயைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆதாரம் கிடைத்த பிறகு சொல்லலாம், வீண் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் துருவி திரையைப் பார்த்துக்கொள்ள, நான் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அண்ணி சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்திருந்தார். அண்ணன் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"தம்பி, ஒரு லெட்டர் எழுதணும். நீங்கதான் கோர்வையா எழுதுவீங்க," என்றார் அண்ணி. எங்கள் வீட்டில் வீட்டுக்காரருக்கோ மின்சார அலுவலகத்துக்கோ எந்தக் கடிதம் போனாலும் நான் எழுதுவதுதான் வழக்கம்.

"யாருக்கு அண்ணி?"

"மேட்ரனுக்கு. பாத்தேன், மறந்துட்டேன், பயந்து அழிச்சிட்டேன்னு நானே எழுதிக் கொடுத்துட்டா பதிவை எடுக்க மாட்டாங்களாம். ஒரு வருஷம் சஸ்பென்ஷனோட முடிச்சிடுவாங்களாம். மேட்ரன் தனியா போன் பண்ணிச் சொன்னாங்க. நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

"நீங்க அழிக்கலையே."

"அழிக்கலைன்னுதான் நினைச்சேன். வியாழக்கிழமை நிச்சயமாத் தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு. மூணாம் படுக்கைகிட்ட நிக்கிறப்ப போன் அதிர்ந்த மாதிரி இப்பத் தோணுது. கையுறையோட எடுத்துப் பாத்து பைக்குள்ள போட்டிருப்பேனோ? கை பட்டு அழிஞ்சிருக்குமோ? மெஷின் அனுப்பினேன்னு சொல்லுது தம்பி. மெஷினுக்கு என்ன, என் மேல கோவமா?"

"அவ ரெண்டு நாளாத் தூங்கலைடா," என்றார் அண்ணன். "எழுதிக் கொடு. முடிஞ்சு போகட்டும்."

பேனாவை எடுத்தேன். இடது மூலையில் அனுப்புநர் எழுதினேன், பெறுநர் எழுதினேன், பொருள் என்று எழுதிப் புள்ளி வைத்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. செய்யாத குற்றத்தைச் செய்ததாக அண்ணி ஒப்புக்கொள்ளப் போகிறார், அதைச் செய்தவன் அவருக்காக அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுக்கப் போகிறான்.

"அண்ணி, அது போகவே இல்ல," என்றேன்.

"எது?"

"ரெண்டாவது மெசேஜ். போகாட்டியும் போச்சுன்னு எழுதுற மாதிரி நான்தான் பண்ணி வச்சிருந்தேன்."

வாளியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க கால் மணி நேரம் ஆனது.  முடித்த பிறகு அண்ணன் ஜன்னலை விட்டு நகர்ந்து உள்ளறைக்குப் போனார். என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார் அண்ணி.

"வெள்ளிக்கிழமை காலையில."

"வெள்ளி. சனி. இன்னிக்கு." விரலை மடக்கினார். "வெள்ளிக்கிழமை சாயந்திரம் இதே மேஜைல என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க. நான் உங்ககிட்டக் கேட்டேன், எனக்கு ஞாபக மறதி வந்துடுச்சோன்னு. உடம்பு அசதியா இருக்கும் அண்ணின்னு சொன்னீங்க."

"ஆதாரம் இல்லாம சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு..."

"மத்தவங்களுக்குத்தானே ஆதாரம் வேணும். எனக்கு எதுக்கு? என் புத்தி நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேன்."

தாளை என் கையிலிருந்து எடுத்து நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அதைக் கிழிக்கவில்லை. ஆதாரம் கிடைக்காவிட்டால் அதுதான் அவருக்கு மிச்சம் இருந்த வழி.

திங்கட்கிழமை பிற்பகல் 3.12க்கு ஏழாவது கட்டம் சிவந்தது.

வார்டு இரண்டு. 3.06க்கு ஒரு செய்தி போயிருக்கிறது, போன் 'வந்தது' என்று சொல்லியிருக்கிறது. 3.12க்கு இன்னொன்று. செய்தி மையம் அதைத் திருப்பியிருக்கிறது. ஏன் என்று பார்க்கும் முன் போனை எடுத்தேன்.

"சிஸ்டர், வார்டு ரெண்டா? அபாய முடிவு வந்திருக்கு, பாத்தீங்களா?"

"பாத்தாச்சு சார், அவர்கிட்டத்தான் நிக்கிறேன்."

"அது முதல் ஆள். ரெண்டாவதா இன்னொருத்தருக்கு வந்திருக்கு. கம்ப்யூட்டரைத் திறங்க."

"இன்னொண்ணா? எனக்கு ஒண்ணுதானே..." போனை வைக்காமலே ஓடினார். செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யாரையோ கூப்பிடும் குரலும் கேட்டது. அதன் பிறகுதான் நான் லாக்கைப் படித்தேன்.

செய்தி மையம் திருப்பியதற்குக் காரணம் சொல்லியிருந்தது. ஒரே எண்ணுக்கு ஒரே வாசகம் பத்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை வந்தால் ஏற்க மாட்டோம். விளம்பரத் தொல்லையைத் தடுக்க எட்டு மாதத்துக்கு முன்பு அவர்கள் கொண்டுவந்த விதி. நோயாளியின் அந்தரங்கத்துக்காக நாங்கள் பெயரையும் படுக்கையையும் எடுத்துவிட்டதால் ஒரே வார்டில் இருவருக்கு ஆபத்து என்றால் இரண்டு செய்தியும் அச்சாக ஒன்றாக இருக்கும். முதலாமவருடையது போகும், அடுத்தவருடையது போகாது.

விதி வந்த அன்றே என் கட்டம் சிவந்திருக்கும். வாளி என் மேஜைக்குத் திரும்ப வந்திருக்கும். நான் எரிச்சலோடு லாக்கைத் திறந்திருப்பேன், அரை மணியில் சரி செய்திருப்பேன். அதன் வாயை மூன்று மாதம் முன்பே நான் அடைத்திருந்தேன்.

"வியாழக்கிழமை 11.36, 11.41. அஞ்சு நிமிஷம்," என்றாள் துருவி, பின்னாலிருந்து. "வார்டு நாலு. போன்ல ஒண்ணுதான். பொருந்துது, தக்காளி."

அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். "சரி," என்று வைத்துவிட்டார்.

செய்தியில் வரிசை எண் ஒன்றைச் சேர்த்து அன்று மாலைக்குள் கோளாறைச் சரி செய்தோம். செவ்வாய்க்கிழமை துருவி ஒரு வேலை செய்தாள். ஆய்வுக்கூடத்தின் எட்டு மாதப் பதிவை எடுத்து, ஒரே வார்டில் பத்து நிமிடத்துக்குள் இரண்டு அபாய முடிவு எத்தனை முறை வந்திருக்கிறது என்று தேடினாள். அறுபத்தொன்று.

மேஸ்திரி அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்கு விசாரணை ஒரு கேஸைப் பத்தித்தான். அந்த ஒண்ணைக் காட்டு, அண்ணி வெளிய வந்துடுவாங்க. மத்த அறுபதையும் யாரு கேட்டா? கம்பெனியே மூழ்கிடும்ப்பா."

"யாரும் கேக்க மாட்டாங்க சார். அவங்களுக்குத் தெரியாதே."

அவர் தாளின் ஓரத்தை விரலால் நீவினார். பிறகு தாளை நிமிர்த்தி என் பக்கம் தள்ளினார். போகிற போக்கில் யார் மேஜையிலோ இருந்த வாளியை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை விசாரணை அறையில் மருத்துவ அதிகாரி, மேட்ரன், கண்டக்டரின் மகள், அண்ணி. நான் திரையைப் போட்டு, செய்தி கை மாறிப் போன அந்தக் கோட்டைக் காட்டினேன்.

"நீங்க இவங்களுக்குக் கொழுந்தன்தானே?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. அதனால என் வார்த்தையை நம்ப வேண்டாம். திங்கட்கிழமை 3.12ஐப் பாருங்க. வார்டு ரெண்டு சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேளுங்க. அப்புறம் வியாழக்கிழமையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க."

அவர்கள் கேட்டார்கள், பார்த்தார்கள். கண்டக்டரின் மகள் கடைசியில் என்னிடம் கேட்டார். "அப்ப நான் யார் மேல எழுதிக் கொடுக்கணும்?"

"என் மேலங்க," என்றேன். அவர் எழுதிக் கொடுத்தார். அவர் அப்பாவுக்கு அன்று காலைதான் குழாயை எடுத்திருந்தார்கள்.

அறுபத்தொன்றின் பட்டியலை மேஜை மேல் வைத்தேன். அண்ணி அன்றே வேலைக்குத் திரும்பலாம் என்று அதிகாரி சொன்னார். அண்ணி நன்றி சொல்லிவிட்டு அந்தப் பட்டியலை ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டார். வார்டு நான்கு வரும் இடங்களில் மட்டும் விரல் நின்றது. ஒன்பது இடம். ஏழாவதில் விரல் நகரவில்லை.

"மார்ச் பதினேழு. ரெண்டு இருபது," என்றார். "ஆறாம் படுக்கை. அந்த அம்மா நாலு மணிக்குப் போயிட்டாங்க. நான்தான் கண்ணை மூடி விட்டேன்." என்னைப் பார்த்தார். "தம்பி, அன்னிக்கு எனக்கு மெசேஜ் வந்துச்சா, வரலையா?"

"ரெண்டு முடிவும் ஒரே நிமிஷத்துல பதிஞ்சிருக்கு. ரெண்டுல ஒண்ணுதான் போயிருக்கும் அண்ணி."

"எது? அவங்களுக்குன்னு வந்ததா? நான் பாத்துட்டு லேட்டாப் போனேனா? வரவே இல்லையா? இந்தக் கோடு மாதிரி அன்னிக்கு ஒண்ணு இருக்குமே, அதைக் காட்டுங்க."

"அன்னிக்கு இல்ல, அண்ணி."

"போன்லேயும் பழைய மெசேஜை மாசாமாசம் அழிச்சிடுவாங்க," என்றார் மேட்ரன் மெதுவாக.

பட்டியலில் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் மருத்துவமனை கடிதம் அனுப்பும் என்று முடிவானது. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நேரில் போகிறேன் என்று அண்ணி அனுமதி வாங்கினார். மறுநாள் காலை புறப்படும்போது என் அறை வாசலில் வந்து நின்றார். "சட்டையை மாத்திக்கிட்டு வாங்க," என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வீட்டில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சலவைக் கடை ஒன்றின் மேல் மாடி வீடு. அந்த அம்மாவின் கணவர் கதவைத் திறந்தார். அண்ணியை அடையாளம் தெரிந்து உள்ளே உட்காரச் சொன்னார். டிவியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி தன் பங்கைச் சொன்னார். நான் என் பங்கைச் சொன்னேன். அவர் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த மெசேஜ் வந்திருந்தா அவ பொழைச்சிருப்பாளா?"

"தெரியலைங்க," என்றார் அண்ணி. "டாக்டரும் தெரியலைன்னுதான் சொல்றார்."

"வந்துச்சா இல்லையான்னாவது தெரியுமா?"

"அதுவும் தெரியாதுங்க," என்றேன். "தெரிஞ்சுக்கிறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. அதை நான் மூடி வச்சிருந்தேன்."

அவர் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை நிறுத்தினார். நாற்காலியை எனக்கு நேர் எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் புரியாது," என்றார். "முதல்லேர்ந்து, மெதுவாச் சொல்லுங்க."